சி மொழியில் சரங்களுக்கான நினைவகம்: தமிழ் ஊர்ப் பெயர்களைக் கையாண்டதில் கற்றவை

சி மொழியில் சரம் என்று தனியான ஒரு தரவு வகை கிடையாது. அடுத்தடுத்து அமைந்த பைட்டுகளும் அவற்றின் முடிவில் மதிப்பு பூஜ்யமாக உள்ள ஒரு பைட்டும் இருந்தால் அதைச் சரமாகக் கொள்ளலாம் என்ற உடன்பாடு மட்டுமே உண்டு. அந்தப் பைட்டுகளுக்கான இடத்தை ஒதுக்குவது, அது போதுமா என்று பார்ப்பது, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுப்பது ஆகிய அனைத்தும் நிரல் எழுதுபவரின் பொறுப்பு. பைத்தானிலிருந்தோ ஜாவாவிலிருந்தோ சி மொழிக்கு வரும் இளம் நிரலர்கள் தடுமாறும் முதல் இடமும் இதுதான். சரத்தைப் பிரதி எடுக்கும் ஸ்டர்காப்பி, ஒரு சரத்தின் முடிவில் இன்னொன்றைச் சேர்க்கும் ஸ்டர்கேட் போன்ற செயற்கூறுகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதால் இந்தத் தடுமாற்றம் தீர்வதில்லை என்பதைப் பலருடைய நிரல்களைப் படித்தும் திருத்தியும் பார்த்த பிறகு உறுதியாகச் சொல்கிறேன். ஒவ்வொரு சரத்தைப் பற்றியும் அதற்கு எத்தனை பைட் வேண்டும், அது யாருக்குச் சொந்தம், எதுவரை உயிரோடு இருக்க வேண்டும் என்ற மூன்றுக்கும் குறிமுறையைத் தட்டச்சு செய்யும் முன்பே விடை தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இதை அழுத்தமாகக் கற்றுத் தந்தது, ஊர்ப் பெயர்களைக் கோப்பிலிருந்து படித்து, திருத்தி, முகவரிச் சீட்டுகளாக அச்சிடும் ஒரு நிரல். வேறு யாரோ எழுதி, பல கைகள் மாறி, பராமரிப்புக்காக என்னிடம் வந்த நிரல் அது. வெளி நூலகங்கள் எதையும் சாராமல் சி மொழியின் அடிப்படைச் செயற்கூறுகளைக் கொண்டே எழுதப்பட்டிருந்தது. பெயர்கள் அனைத்தும் தமிழில், யூடிஎஃப்-8 குறியாக்கத்தில், அதாவது யூனிக்கோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறையில், இருந்தன.

முதலில் பைட் கணக்கு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிக்கோடு தரத்தில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட குறியெண்கள் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 வடிவில் 3 பைட் எடுத்துக்கொள்ளும். ‘த’ என்ற ஓர் எழுத்து 224, 174, 164 என்ற மூன்று பைட்டுகளாக நினைவகத்தில் உட்காருகிறது. உயிர்மெய் எழுத்துகளில் துணைக்குறியும் தனிக் குறியெண் என்பதால் ‘மி’ என்பது 6 பைட். புள்ளியும் தனிக் குறியெண் என்பதால் ‘ழ்’ என்பதும் 6 பைட். ஆகவே கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு சரத்தின் நீளத்தைப் பைட்டில் எண்ணும் ஸ்டர்லென் தரும் விடை 15. அதைச் சேமிக்கத் தேவையான இடமோ, முடிவில் வரும் பூஜ்ய பைட்டையும் சேர்த்து 16. ‘பெயர் 20 எழுத்துக்கு மேல் போகாது’ என்று யாரோ முடிவு செய்து 20 பைட் அணி ஒன்றை அறிவித்திருந்தால், அதில் ஆறு குறியெண்களுக்குத்தான் இடம் உண்டு. ‘சென்னை’ அதில் அடங்கிவிடும், ‘தஞ்சாவூர்’ அடங்காது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ‘கோவை’ என்ற சொல்லின் முதல் எழுத்தை யூனிக்கோடில் இரு விதமாக எழுத முடியும். ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாக வைத்தால் அந்தச் சொல் 12 பைட். இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியெண்களாக வைத்தால் 15 பைட். திரையில் இரண்டுக்கும் எந்த வேறுபாடும் தெரியாது. யூனிக்கோடின் சீராக்க விதிகள் இரண்டையும் ஒன்றாக மதிக்கின்றன, ஆனால் சி மொழிக்கு அவை நீளம் வேறுபட்ட இரு சரங்கள். எனவே ஒரு பெயரைச் சீராக்கும் செயற்கூறு, உள்ளே வந்த அதே இடத்தில் விடையை எழுதலாமா என்பதை எந்தத் திசையில் சீராக்குகிறோம் என்பதே தீர்மானிக்கிறது. சேர்த்து எழுதினால் சரம் சுருங்கும், பிரித்து எழுதினால் நீளும். நீளக்கூடிய வேலைக்கு எப்போதும் புதிய இடமே பாதுகாப்பு.

நீளத்தைச் சரத்தோடு சேர்த்து வைக்காமல் முடிவுக் குறியை நம்பும் வழக்கம் சி மொழிக்கு முன்பே தொடங்கியது. பிசிபிஎல் மொழியில் சரத்தின் முதலில் அதன் நீளம் இருந்தது. அதிலிருந்து பிறந்த பி மொழியில் அந்த முறையைக் கைவிட்டு முடிவுக் குறிக்கு மாறினார்கள். எட்டு அல்லது ஒன்பது பிட்டுக்குள் நீளத்தை அடக்க வேண்டிய வரம்பைத் தவிர்ப்பதும், எண்ணிக்கையைப் பேணுவதைவிட முடிவுக் குறி வசதியாக இருந்ததும் காரணங்கள் என்று சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி பதிவு செய்திருக்கிறார். அந்தக் காலத்துக் கணினிகளுக்கு அது நியாயமான முடிவு என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதற்கான விலையை இன்றுவரை ஒவ்வொரு நிரலும் செலுத்துகிறது. 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு என்ற தீநிரல் நுழைந்த வழிகளில் ஒன்று, பயனர் விவரம் தரும் ஃபிங்கர் சேவை நிரலில் கெட்ஸ் என்ற செயற்கூறு 512 பைட் பஃபருக்குள் (தற்காலிக இடத்துக்குள்) அளவு பாராமல் படித்தது. அந்தக் கெட்ஸ் 2011இன் சி தரத்தில்தான் நீக்கப்பட்டது.

இப்போது என்னிடம் வந்த நிரலுக்கு வருகிறேன். அதில் பெயர்களைப் பிரதி எடுக்கும் செயற்கூறு, ஸ்டர்லென் தந்த அளவையே நினைவகத்தில் இடம் ஒதுக்கும் மால்லாக்குக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்டர்காப்பி மூலம் எழுதியது. பூஜ்ய பைட்டுக்கான கூடுதல் ஒன்று விடுபட்டிருந்தது. பாடப்புத்தகத்தின் முதல் எச்சரிக்கையே இதுதான் என்றாலும் அந்த நிரல் பல காலமாகப் பயன்பாட்டில் இருந்தது. பெயர்களைத் திருத்திய சில நாட்களில் மட்டும், வெளியேறும் தறுவாயில், செல்லாத சுட்டி (நினைவக முகவரி) என்ற பொருள்படும் செய்தியைக் காட்டி நின்றுபோகும். நின்றுபோன இடமோ ‘சேலம்’ என்ற பெயரின் இடத்தை ஃப்ரீ மூலம் விடுவிக்கும் வரி. அந்தப் பெயரை யாரும் தொட்டதே இல்லை.

இதற்கான காரணம் லினக்ஸில் பரவலாக உள்ள ஜிலிப்சி நூலகத்தின் ஒதுக்கீட்டு முறையில் இருக்கிறது. 64 பிட் கணினியில் அது தரும் மிகச் சிறிய துண்டில் நிரலர் பயன்படுத்தக்கூடிய இடம் 24 பைட். அதற்கு அடுத்த அளவுகள் 40, 56, 72 என்று பதினாறு பதினாறாக ஏறும். 15 பைட் கேட்டாலும் 24 கிடைக்கும் என்பதால் ‘மதுரை’, ‘சேலம்’, ‘ஈரோடு’ ஆகியவற்றின் பூஜ்ய பைட்டுகள் அந்த உபரி இடத்தில் சத்தமில்லாமல் அமர்ந்துகொண்டன. 18 பைட் கொண்ட ‘சென்னை’யும் ‘வேலூர்’ என்பதும் அப்படியே. 27 பைட் கேட்ட ‘தஞ்சாவூர்’, 36 பைட் கேட்ட ‘திருநெல்வேலி’ இரண்டுக்கும் 40 பைட் துண்டு கிடைத்தது. ஆனால் ‘திருச்சி’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள்: த, இகரக் குறி, ர, உகரக் குறி, ச, புள்ளி, ச, இகரக் குறி என்று எட்டுக் குறியெண்கள், சரியாக 24 பைட். ‘நாமக்கல்’ என்பதும் 24 பைட்தான். இந்த இரண்டு பெயர்களுக்கும் உபரி இடமே இல்லை. இருபத்தைந்தாவதாக எழுதப்படும் பூஜ்ய பைட், நினைவகத்தில் அடுத்துள்ள துண்டின் அளவைக் குறித்து வைத்திருக்கும் இடத்தின் முதல் பைட்டை அழித்துவிடுகிறது.

கோப்பிலிருந்து பட்டியலை ஏற்றும்போது இது வெளியே தெரியவில்லை. அப்போது அடுத்துள்ள பகுதி இன்னும் ஒதுக்கப்படாத வெற்றிடம். அடுத்த பெயருக்கு இடம் கேட்டவுடன் மால்லாக் அந்தத் துண்டின் அளவைப் புதிதாக எழுதிவிடும். ஆனால் ஏற்கெனவே ஏற்றப்பட்ட ‘வேலூர்’ என்பதை யாராவது ‘திருச்சி’ என்று திருத்தினால் நிலைமை மாறும். ‘வேலூர்’ விடுவிக்கப்பட்டு, அதே துண்டு ‘திருச்சி’க்கு வழங்கப்பட்டு, அதற்குப் பக்கத்தில் குடியிருந்த ‘சேலம்’ துண்டின் அளவு பூஜ்யமாகிவிடும். நிரல் முடியும்போது ‘சேலம்’ விடுவிக்கப்படுகையில்தான் நூலகம் அதைக் கண்டுபிடித்து நிறுத்தும். நினைவகப் பிழைகளில் தவறு நிகழும் வரியும் தண்டனை விழும் வரியும் இப்படித்தான் வெகுதொலைவில் இருக்கும். ஆகவே நிரல் செத்த இடத்தை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் வீண்.

நினைவக எல்லை மீறலைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் என்ற கருவியை இயக்கி அந்த நிரலை மறுபடி தொகுத்தபோது, முதல் பெயரைப் பிரதி எடுத்த வரியிலேயே நின்றது. ஒதுக்கிய பகுதியின் விளிம்பில், அதைவிட ஒரு பைட் கூடுதலாக எழுத முயன்றது, அந்தப் பகுதியை ஒதுக்கிய வரி இது என்று அனைத்தையும் அறிக்கை சொன்னது. ஜிசிசி, க்ளாங் ஆகிய தொகுப்பிகள் இரண்டிலுமே இந்த வசதி பல ஆண்டுகளாக இருக்கிறது. நிரலின் வேகம் சுமார் பாதியாகக் குறையும். சோதனைக்கு அது பொருட்டே அல்ல. மறுபடி தொகுக்க முடியாத நிலையில் வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி உதவும், ஆனால் அது இன்னும் பல மடங்கு மெதுவானது. சி மொழி கற்பிக்கும் வகுப்புகளில் பிரின்ட்எஃப் கற்பிக்கும் அதே வாரத்தில் அட்ரஸ் சானிடைசரையும் கற்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாணவருக்கு அது கிடைக்காத ஒவ்வொரு நாளும், தவறான நிரல் சரியாக ஓடுவதைப் பார்த்து அவர் தவறான பாடத்தைக் கற்றுக்கொள்கிறார்.

பிரதி எடுக்கும் வேலைக்கு இப்போது நான், இடம் ஒதுக்கிப் பிரதியும் எடுக்கும் ஸ்டர்டூப்பையே பயன்படுத்துகிறேன். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தில் நெடுங்காலமாக இருந்த அது சி23 தரத்திலும் சேர்ந்துவிட்டது. கூடுதல் ஒன்றை மறக்கும் வாய்ப்பையே அது எடுத்துவிடுகிறது. இடம் கிடைக்காவிட்டால் அது நல் சுட்டியை (எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டியை) திருப்பித் தரக்கூடும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது உரிமை. பைட் கணக்கைக் கருவிகள் பிடித்துக் கொடுத்துவிடும். உரிமைக் குழப்பத்தை வடிவமைப்பால்தான் தீர்க்க முடியும். அதே நிரலில் ஒவ்வொரு ஊர்ப் பதிவிலும் ஊரின் பெயருக்கு ஒரு சுட்டியும் மாவட்டத்தின் பெயருக்கு ஒரு சுட்டியும் இருந்தன. மாவட்டப் பெயர் ஒரே பிரதியாக நினைவகத்தில் இருக்க, அந்த மாவட்டத்தைச் சேர்ந்த எல்லா ஊர்களும் அதையே சுட்டின. ஊர்ப் பதிவை அழிக்கும் செயற்கூறு இரண்டு பெயர்களையும் விடுவித்தது. ஒரே மாவட்டத்தில் இரண்டு ஊர்களை அழித்தால் மாவட்டப் பெயர் இருமுறை விடுவிக்கப்படும். ஓர் ஊரை மட்டும் அழித்தாலோ, மற்ற ஊர்களின் மாவட்டச் சுட்டிகள் இறந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த இடம் வேறொரு பெயருக்கு வழங்கப்பட்டவுடன் முகவரிச் சீட்டில் மாவட்டத்துக்குரிய இடத்தில் ஏதோ ஓர் ஊரின் பெயர் அச்சாகும். இரண்டாவது நிலைமையே எனக்கு அதிக அச்சம் தருவது, ஏனென்றால் அங்கே நிரல் நிற்பதில்லை, தவறான சீட்டு தபாலில் போய்விடுகிறது.

இதை இப்படித் தீர்த்தேன். மாவட்டப் பெயர்களுக்குத் தனி அட்டவணை அமைத்து, அந்த அட்டவணையே அவற்றின் உரிமையாளர் என்று தலைப்புக் கோப்பிலேயே எழுதி வைத்தேன். ஊர்ப் பதிவில் உள்ள மாவட்டச் சுட்டியைக் கான்ஸ்ட் (அதன் வழியாகச் சரத்தை மாற்றக் கூடாது) என்று அறிவித்தேன். கான்ஸ்ட் சுட்டியை ஃப்ரீயிடம் கொடுத்தால் தொகுப்பி எச்சரிக்கை தரும். அந்த எச்சரிக்கையைப் பிழையாக மாற்றிவிட்டால், இரவல் வாங்கிய சரத்தை விடுவிக்கும் நிரல் தொகுக்கப்படவே மாட்டாது. செயற்கூறுகளுக்கும் இதே வழக்கத்தைப் பின்பற்றலாம்: விடையாகக் கான்ஸ்ட் சுட்டி வந்தால் அது இரவல், சாதாரணச் சுட்டி வந்தால் அதை விடுவிக்கும் கடமை வாங்கியவருடையது. மொழி இதை வற்புறுத்துவதில்லை என்றாலும், ஒரு நிரல் முழுவதும் ஒரே ஒழுங்கில் கடைப்பிடித்தால் பாதிக் குழப்பம் அடங்கிவிடுகிறது. தரநூலகம் இந்த ஒழுங்கைப் பின்பற்றவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சூழல் மாறியின் மதிப்பைத் தரும் கெட்என்வ் சாதாரணச் சுட்டியைத்தான் தருகிறது, ஆனாலும் அதை விடுவிக்கக் கூடாது.

உரிமையாளர் விடுவிக்கும்போது, மால்லாக் தந்த அதே முகவரியைக் கொடுக்க வேண்டும். வரியின் தொடக்கத்தில் உள்ள வெற்றிடங்களை நீக்க, சுட்டியையே முன்னே நகர்த்திவிட்டு, பிறகு நகர்ந்த சுட்டியை ஃப்ரீயிடம் கொடுக்கும் நிரல்களை அடிக்கடி பார்க்கிறேன். தொடக்க முகவரியை ஒரு மாறியிலும் உலவும் முகவரியை வேறொரு மாறியிலும் வைத்துக்கொள்வதற்கு ஒரு வரிதான் கூடுதலாகும்.

வரி வரியாகப் படிப்பதற்குக் கெட்லைன் மிக நல்ல செயற்கூறு. வரி எவ்வளவு நீளமானாலும் தானே இடத்தை விரித்துக்கொள்ளும். ஆனால் அது ஒவ்வொரு முறையும் அதே பஃபரில்தான் எழுதுகிறது. அது தந்த சுட்டியைப் பிரதி எடுக்காமல் பட்டியலில் அப்படியே சேர்த்தால், கோப்பைப் படித்து முடித்தபின் பட்டியல் முழுவதும் கடைசியாகப் படித்த ஊரே தெரியும். இடையில் ஒரு நீண்ட வரி வந்து பஃபர் இடம் மாறியிருந்தால், அதற்கு முந்தைய சுட்டிகள் அனைத்தும் விடுவிக்கப்பட்ட இடத்தைக் காட்டும். பட்டியலில் சேர்ப்பதென்றால் பிரதி வேண்டும். அந்த வரியோடு வேலை முடிகிறதென்றால் பிரதி வேண்டாம். சரம் எதுவரை உயிரோடு இருக்க வேண்டும் என்ற மூன்றாவது கேள்வியின் விடை இங்கே நேரடியாகக் குறிமுறையாகிறது.

விரியும் சரங்களில், ஒதுக்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஅலாக் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் விடையைப் பழைய சுட்டியிலேயே நேரடியாக ஏற்றக் கூடாது. இடம் கிடைக்காமல் நல் சுட்டி வந்தால் பழைய இடத்தின் முகவரியும் தொலைந்துவிடும். வேறொரு மாறியில் வாங்கிச் சரிபார்த்தபின் மாற்ற வேண்டும். ரீஅலாக் வெற்றி பெற்றாலும் சரம் வேறிடத்துக்குப் போயிருக்கலாம் என்பதால், அதன் நடுவில் ஏதேனும் சொல்லைச் சுட்டிக்கொண்டிருந்த சுட்டிகள் செல்லாதவை ஆகின்றன. நீளும் சரத்துக்குள் இடங்களைக் குறிக்க வேண்டுமானால், முகவரியாக அல்லாமல் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்ற எண்ணாகக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு சேர்ப்புக்கும் ஸ்டர்கேட் அழைப்பதும் வேண்டாம். அது ஒவ்வொரு முறையும் சரத்தின் தொடக்கத்திலிருந்து முடிவைத் தேடி வருகிறது. இருக்கும் நீளத்தையும் ஒதுக்கிய கொள்ளளவையும் கூடவே வைத்துக்கொண்டு, போதாதபோது கொள்ளளவை இரட்டிப்பாக்குவது எளிது.

முகவரிச் சீட்டில் பெயருக்கென்று 30 பைட் கொண்ட புலம் ஒன்று இருந்தது. அதை நிரப்ப ஸ்டர்என்காப்பி பயன்படுத்தப்பட்டிருந்தது. பலரும் அதை ஸ்டர்காப்பியின் பாதுகாப்பான வடிவம் என்று நினைக்கிறார்கள். பழைய யூனிக்ஸில் கோப்புப் பெயர்களுக்கு இருந்த 14 பைட் புலம் போன்ற, அளவு நிலையான புலங்களை நிரப்புவதற்காக அமைந்த செயற்கூறு அது. மூலச் சரம் புலத்தின் அளவுக்குச் சமமாகவோ நீளமாகவோ இருந்தால் முடிவில் பூஜ்ய பைட்டை வைக்காது. கொடுத்த அளவுக்குள் சரத்தை எழுதும் எஸ்என்பிரின்ட்எஃப் எப்போதும் வைக்கும். முழுச் சரத்துக்கு எத்தனை பைட் தேவைப்பட்டிருக்கும் என்பதையும் விடையாகத் தரும். அந்த விடை புலத்தின் அளவுக்குச் சமமோ அதிகமோ என்றால் சரம் வெட்டுப்பட்டிருக்கிறது.

வெட்டுப்பட்ட இடத்தில்தான் தமிழுக்கே உரிய சிக்கல் தொடங்குகிறது. ‘திருநெல்வேலி’யை 30 பைட் புலத்தில் எழுதினால் 29 பைட் மட்டும் போகும். ‘திருநெல்வ’ என்பது வரை 27 பைட். எஞ்சிய 2 பைட்டில் ஏகாரக் குறியின் முதல் இரண்டு பைட்டுகள் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அச்சில் அது கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ வரும். வெட்டிய இடத்திலிருந்து பின்னோக்கி வந்து, முழுமை பெறாத குறியெண்ணை நீக்க வேண்டும். யூடிஎஃப்-8 வடிவில் 128 முதல் 191 வரையிலான பைட்டுகள் தொடர்ச்சிப் பைட்டுகள் என்பதால் ஒரு குறியெண் எங்கே தொடங்குகிறது என்று கண்டறிவது எளிது. அதை நீக்கினாலும் ‘திருநெல்வ’ என்று குறி இழந்த எழுத்து மிஞ்சும். விடுபட்ட குறியெண் துணைக்குறியோ புள்ளியோ என்றால் அதைத் தாங்கும் மெய்யையும் சேர்த்து நீக்கி, ‘திருநெல்’ என்று நிறுத்த வேண்டும். புள்ளி விடுபட்டால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும், அதைப் படிப்பவர் பிழை என்று உணரவே வழியில்லை. இயன்றவரை நான் வெட்டுவதையே தவிர்க்கிறேன். எஸ்என்பிரின்ட்எஃப்பை முதலில் பூஜ்ய அளவோடு அழைத்துத் தேவையான நீளத்தை அறிந்து, அதற்கும் ஒன்று கூடுதலாக இடம் ஒதுக்கி, மறுபடி அழைப்பதே என் வழக்கம்.

இறுதியில் இந்த நிரலின் பெயர்கள் அனைத்தையும் ஒரு பொதுக் களத்துக்கு மாற்றினேன். ஒரு கோப்பைத் திறந்து, பட்டியலை ஏற்றி, சீட்டுகளை அச்சிட்டு, மூடும் நிரலுக்கு ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே விடுவிக்கும் தேவையே இல்லை. 64 கிலோபைட் கொண்ட துண்டு ஒன்றை ஒதுக்கி, ஒவ்வொரு பெயரையும் அதன் பூஜ்ய பைட்டோடு ஒன்றன்பின் ஒன்றாக அதில் எழுதி, துண்டு நிரம்பியதும் புதிய துண்டை ஒதுக்கிச் சங்கிலியில் இணைக்கிறது இப்போதைய நிரல். துண்டை ரீஅலாக் செய்வதில்லை, ஏனெனில் அது இடம் பெயர்ந்தால் ஏற்கெனவே தந்த சுட்டிகள் அனைத்தும் கெடும். திருத்தப்பட்ட பெயரின் பழைய வடிவம் கோப்பு மூடப்படும்வரை களத்திலேயே கிடக்கும். ஊர்ப் பெயர்களின் அளவுக்கு அது தாங்கக்கூடிய இழப்பு. கோப்பு மூடும்போது துண்டுகளை மட்டும் விடுவித்தால் போதும்; இருமுறை விடுவித்தல், விடுவிக்க மறத்தல் ஆகிய இரண்டுக்குமே வாய்ப்பில்லை.

இதில் ஓர் இழப்பு உண்டு என்பதையும் இந்த முறையைக் கையாள்வோர் அறிந்திருக்க வேண்டும். களத்துக்குள் ஒரு பெயர் தன் எல்லையைத் தாண்டி அடுத்த பெயரின் மேல் எழுதினால் அட்ரஸ் சானிடைசர் அதைக் கவனிக்காது. அதன் கண்ணுக்கு 64 கிலோபைட்டும் ஒரே பகுதி. அதனால் சோதனைக்கான தொகுப்பில் மட்டும் களம் ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே மால்லாக் அழைக்கும்படி ஒரு தேர்வை வைத்திருக்கிறேன். எழுதும் இடைமுகம் மாறுவதில்லை, உள்ளே ஒதுக்கும் விதம் மட்டும் மாறுகிறது. சோதனைப் பட்டியலில் 24, 40, 56 பைட் நீளத்தில் அமையும் பெயர்களை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். 40, 56 ஆகியவை மூன்றால் வகுபடாதவை என்பதால், இடைவெளியோ எண்ணோ கலந்த பெயர்களைக் கொண்டுதான் அந்த அளவுகளை எட்ட முடிகிறது.